கந்தோருக்குள் கிளித்தட்டு: இரண்டரை வருட அனுபவம்

கொக்குவிலில், கே.கே.எஸ். வீதியோரம் ஒரு மாடிக் கட்டடத்தில் நாங்கள் ஒன்பது பேர் வேலை செய்கிறோம். வெளிநாட்டுச் சின்னச் சின்ன வியாபாரங்களின் கணக்குகளை இங்கிருந்து எழுதிக் கொடுப்பதுதான் தொழில். பில் பதிவது, வங்கிக் கணக்கிணக்கம் செய்வது (பதிவுகளை வங்கி அறிக்கையோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது), மாத முடிவில் அறிக்கை அனுப்புவது. கணக்கியலை விரும்பிப் படித்தவர்களுக்கே இரண்டாம் மாதத்தில் கொட்டாவி வரும். அந்தக் கொட்டாவியை விரட்டத்தான் 2023 தொடக்கத்தில் வேலையையே ஒரு விளையாட்டாக்கி, புள்ளி, பட்டியல், பரிசு என்று ஆரம்பித்தோம். ஆரம்பித்தது நான். ஆகவே கீழே வரும் பிழைகளில் பெரும்பாலானவை என்னுடையவை.

முதல் எட்டு மாதம் எந்தச் செயலியும் இல்லை. சுவரில் ஒரு வெள்ளைப் பலகை, ஒரு கூகுள் ஷீற், அவ்வளவுதான். ஒரு பில் பதிந்தால் 1 புள்ளி, வாடிக்கையாளரின் கேள்விக்குப் பதில் போட்டால் 3, ஒரு வங்கிக் கணக்கை இணக்கி முடித்தால் 10. மாதம் முடிய முதலாவதாக வந்தவருக்கு 2,500 ரூபா. முதல் மாதம் கந்தோரே மாறிப்போனது. எட்டரைக்கு வருகிறவர்கள் எட்டுக்கே வந்தார்கள். பின்னேரம் ரீ குடிக்கும்போதும் பலகையைப் பார்த்தபடிதான் கதை. எனக்கோ சொல்ல முடியாத புளுகம்.

மூன்றாம் மாதம் ஒரு வாடிக்கையாளரின் பேரேட்டைத் தற்செயலாகத் திறந்தேன். தொங்கல் கணக்கு வீங்கிக் கிடந்தது. எந்தத் தலைப்பில் போடுவது என்று உடனே தெரியாத தொகையைத் தற்காலிகமாக இறக்கி வைக்கும் இடம் அது. ஒரு கொடுப்பனவு எதற்கானது என்று வாடிக்கையாளரிடம் கேட்டால் பதில் வர இரண்டு நாள் ஆகும். தொங்கலில் தள்ளிவிட்டால் இரண்டு நிமிடத்தில் இணக்கம் முடிந்துவிடும், 10 புள்ளியும் கைக்கு வந்துவிடும். வழக்கமாக ஐந்தாறு பதிவு கிடக்கும் இடத்தில் அன்று 61 இருந்தது. விசாரித்தபோது ஒரு பொடியன் மறைக்காமல் சொன்னான்: “அண்ணை, நீங்கள் முடிச்சதுக்குத்தானே புள்ளி போடுறியள், சரியாய்ச் செய்ததுக்கு இல்லையே.” அவனைப் பேச எனக்கு வாய் வரவில்லை.

அதைவிடக் கவலை தந்தது வேறொன்று. எங்களில் மூத்த அக்கா ஒருவர், யாரும் கேட்காமலே மற்றவர்களின் பதிவில் பிழை கண்டுபிடித்துத் திருத்தச் சொல்வார். அந்த நல்ல பழக்கத்துக்கு மரியாதை செய்வதாக நினைத்து, பிழை ஒன்றுக்கு 5 புள்ளி என்று அறிவித்தேன். இரண்டு மாதத்துக்குள் அவர் பிழை பார்ப்பதையே விட்டுவிட்டார். கேட்டதற்கு, “முந்தி உதவி எண்டு நினைச்சுச் சொல்லுவன் தம்பி. இப்ப சொன்னால், புள்ளிக்காகக் காட்டிக்குடுக்கிறன் எண்டு நினைக்குதுகள்” என்றார். 1973 இல் வெளிவந்த, லெப்பர், கிறீன், நிஸ்பெற் என்ற உளவியலாளர்களின் ஆய்வை அப்புறம்தான் வாசித்தேன். தாமாகவே ஆசையாய்ப் படம் வரையும் பாலர் பள்ளிப் பிள்ளைகளிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் பிறகு தாமாக வரையும் நேரம் குறைந்துவிட்டது. சொல்லாமல் திடீரென்று கொடுத்த பிள்ளைகளுக்கு அப்படி நடக்கவில்லை. அக்காவின் கதை முழுக்க அதுவல்ல, அவருக்குப் பெயர் கெடுவதும் சேர்ந்திருந்தது. ஆனாலும் நான் போட்ட 5 புள்ளி செய்த வேலை ஏறக்குறைய அதுதான்.

நல்லூர்த் திருவிழா வந்ததோடு பட்டியலும் முடிவுக்கு வந்தது. இருபத்தைந்து நாளும் விரதம், காலையில் கோயில், பின்னேரமும் முந்திப் போவது என்று பாதிப்பேருக்குப் புள்ளி சரிந்தது. அந்த மாதம் முதலிடம் எங்கள் வேதக்கார (கிறிஸ்தவ) பொடியனுக்கு. “முருகன் உன்ர பக்கம்தானடா நிக்கிறார்” என்று பகிடி விட்டார்கள். சிரித்தாலும் சிலருக்கு உள்ளுக்குள் எரிச்சல். பலகையை அழித்துவிட்டேன்.

செப்டெம்பரில் ஹபிற்றிகாவுக்கு மாறினோம். 2013 இல் வேறு பெயரில் தொடங்கிய செயலி இது. அடிப்படை வசதிகள் இலவசம், நாங்கள் இன்றுவரை காசு கட்டவில்லை. தினசரி செய்யவேண்டியவற்றை நீங்களே எழுதி வைத்து, செய்ததும் அடையாளமிட வேண்டும். செய்தால் தங்கக் காசு, அனுபவப் புள்ளி. விட்டால் விளையாட்டில் உங்களுக்காக நிற்கும் பாத்திரத்தின் உயிர் குறையும். குழுவாகச் சேர்ந்து ஒரு பூதத்தோடு சண்டை போடலாம். நாங்கள் ஒட்டிக்கொண்டது அந்தச் சண்டையில்தான்: ஒருவர் தன் தினசரி வேலையைத் தவறவிட்டால் பூதம் எல்லாரையும் அடிக்கும்.

கிளித்தட்டு விளையாடியவர்களுக்கு இது புதிதல்ல. கோடுகளில் நின்று தடுப்பவர்களிடம் அடிபடாமல் கடக்கும் விளையாட்டு அது, தடுப்பவர்களின் தலைவன்தான் கிளி. ஒருவன் அடிபட்டால் முழுப் பக்கமும் வெளியே. ஆகவே ஓடத் தெரிந்தவன் கிளியைத் தன் பக்கம் இழுத்து வைத்து, மற்றவனைக் கடக்க விடுவான். நாலரை மணிக்கு யாராவது கத்துவார்கள்: “ஆர் இன்னும் ரைம்ஷீற் போடேல்லை? அடி விழப்போகுது!” நான் வருடக்கணக்கில் மின்னஞ்சல் போட்டும் நடக்காத காரியம் அது. போடாதவரின் மேசைக்குப் போய், பக்கத்தில் நின்று போடவைத்துவிட்டுத்தான் வருவார்கள்.

சரி, இதிலும் பட்டுத்தான் படித்தோம். போன வருடம் ஒரு தங்கச்சியின் அம்மம்மா காரைநகரில் மோசம்போய்விட்டார். எட்டு நாள் கழித்துக் கந்தோருக்கு வந்தவர் வழமைபோலச் செயலியைத் திறந்தார். உள்ளே நுழையும்போதுதான் விடுபட்ட நாளின் கணக்கு ஓடும். பூதம் குழுவைத் தாக்கியது என்ற அறிவிப்பு, அவருடைய பெயரோடு, எல்லாருடைய திரையிலும் விழுந்தது. இருவரின் பாத்திரம் செத்து, ஒரு மட்டம் இறங்கி, சேர்த்த காசும் போனது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மட்டும் “சொறி, எல்லாருக்கும் அடி வாங்கித் தந்திட்டன்” என்று எழுதினார். துக்க வீட்டிலிருந்து வந்த பிள்ளையை இப்படி எழுத வைத்தது எங்கள் கவலையீனம். சேதத்தை நிறுத்தி வைக்கும் பொத்தான் ஒன்று இருக்கிறதுதான், ஆனால் செத்த வீட்டில் நின்று அதை யார் அழுத்துவார்கள்? இப்போது இழவு, ஆஸ்பத்திரி என்றால் சண்டையையே கைவிட்டுவிடுகிறோம். போட்ட அடியெல்லாம் வீண், சண்டையைத் தொடங்கக் கொடுத்த சுருள் (செயலியில் அதுதான் நுழைவுச் சீட்டு) மட்டும் உரியவருக்குத் திரும்பும். பரவாயில்லை.

இன்னொரு விஷயம், நீங்கள் செய்தீர்களா என்று செயலி பார்ப்பதில்லை. உங்கள் சொல்லை நம்பும். “குடித்த கோப்பையைக் கழுவி வைத்தல்” என்று ஒரு தினசரி வேலை போட்டோம். நாள் தவறாமல் ஒன்பது பேரும் அடையாளமிடுகிறோம். சிங்கில் நாள் தவறாமல் நான்கு கோப்பை கிடக்கிறது. சம்பளத்தோடோ போனஸோடோ இதை இணைக்கச் சொல்லி முதலாளி இருமுறை கேட்டார். அந்தக் கோப்பைகளைக் காட்டித்தான் மறுத்தேன்.

இன்று எங்கள் பட்டியலில் இருப்பவை ரைம்ஷீற், பக்கப், பத்து மணிக்கு முன் மின்னஞ்சல் பார்ப்பது போன்ற அலுப்பு வேலைகள் மட்டும். யோசித்துச் செய்யவேண்டிய எதையும் உள்ளே விடுவதில்லை. கணக்கிணக்கத்துக்குப் புள்ளி இல்லை, பிழை பிடிப்பதற்கும் இல்லை. அக்கா திரும்பவும் பிழை சொல்கிறார், முந்திய அளவுக்கு இல்லை. தங்கக் காசு சேர்ந்தால் வெள்ளிக்கிழமை அரை மணி நேரம் முந்திப் போகலாம் என்று ஒரு பரிசு வைத்திருக்கிறோம். அதற்குத்தான் கிராக்கி.

ஒவ்வொரு மாத முடிவிலும் தொங்கல் கணக்குகளை இப்போதும் நானே திறந்து பார்க்கிறேன். போன மாதம் நான்கு பதிவு கிடந்தது. அதில் ஒன்று என்னுடையது.