எம்4-ஆ, எம்80-ஆ?

கேட்டை நட்சத்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டால் எம்4, எம்80 என்ற இரண்டு கோளக் கொத்துகள் (உருண்டையாகத் திரண்ட நட்சத்திரக் கூட்டங்கள்; ‘எம்’ என்பது மெஸ்ஸியே பட்டியல் எண்) கைக்கு எட்டிய மாதிரிதான். எம்4, கேட்டைக்கு மேற்கே ஒன்றேகால் டிகிரி தள்ளி இருக்கிறது. எம்80, கேட்டைக்கும் அதே விருச்சிக மண்டலத்தின் பீட்டா நட்சத்திரத்துக்கும் நடுவழியில்.

அட்டவணையை நம்பினால் போட்டியே கிடையாது. எம்4-இன் பொலிவெண் சுமார் 5.6, எம்80-க்கு 7.3. எண் குறைந்தால் பொலிவு அதிகம், ஆக எம்4 சுலபம் என்று நினைத்துத்தான் நானும் முதலில் அதைத் தேடினேன். அரை நிலவு இருந்த இரவு. சரியான இடத்தில்தான் தொலைநோக்கி நின்றது, ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் வில்லையில்) ஒன்றுமே இல்லை! பொலிவெண் கொத்தின் மொத்த ஒளிக்கான கணக்கு. எம்4 அந்த ஒளியைக் கிட்டத்தட்ட முழுநிலவின் அகலத்துக்குப் பரப்பி வைத்திருக்கிறது. போதாததற்கு வழியில் தூசிமேகம் வேறு. வானம் கொஞ்சம் வெளுத்தாலும் கரைந்துவிடும். சலிப்போடு எம்80 பக்கம் திருப்பினால், அது அதே வானத்தில் பளிச்சென்று உட்கார்ந்திருந்தது.

இருண்ட வானத்தில் கதை தலைகீழ். எம்4 சுமார் 6,000 ஒளியாண்டு தூரத்தில்தான் இருக்கிறது, அதனால் அதன் நட்சத்திரங்கள் தனித்தனியாகப் பிரியும். 8 அங்குல விட்டமுள்ள தொலைநோக்கியில் 50 மடங்கு உருப்பெருக்கம் போதும். நடுவில் வகிடு எடுத்தது போல வடக்கு தெற்காக ஒரு நட்சத்திர வரிசை ஓடும். வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் 1783-இலேயே குறித்துவைத்த வரிசை அது. ஓரக்கண்ணால் பார்த்தால் அதன் இரு பக்கமும் மங்கலான புள்ளிகள் ஒவ்வொன்றாக முளைக்கும்.

எம்80 ஏறத்தாழ 32,000 ஒளியாண்டு தூரம். 50 மடங்கில் ஃபோகஸ் ஆகாத நட்சத்திரம் போல இருக்கும், அவ்வளவுதான். 200 மடங்குக்குப் போனால் ஓரங்கள் சொரசொரப்பாகும். மையம் 8 அங்குலத்துக்கு மசியாது. 1860-இல் இதற்குள் ஒரு நோவா (திடீரென்று பொலிவு கூடும் நட்சத்திரம்) வெடித்து, சில நாட்கள் மொத்தக் கொத்தையும்விட அதிகமாக ஒளிர்ந்தது. அந்த நினைப்போடு பார்த்தால் இந்தப் பஞ்சுருண்டை கொஞ்சம் சுவாரசியமாகும்.

என் ஓட்டு எம்4-க்குத்தான், ஆனால் நிலவில்லாத இரவில் மட்டும். தெருவிளக்குக்கு நடுவே நிற்பவர்கள் எம்80-ஐப் பாருங்கள். அப்புறம், எம்4 பார்க்கும்போது கேட்டையை ஐபீஸுக்கு வெளியே தள்ளிவிடுங்கள். அதன் வெளிச்சம் கண்ணைக் கெடுத்துவிடும்.