‘எல்லா ரயிலுக்கும் பாஸ்’ என்று விற்றார், நடுவழியில் இறங்கி நின்றோம்

ஜெர்மனிக்குக் குடும்பத்தோடு கிளம்பப் போகிறீர்களா? பேக்கேஜை உள்ளூர் ஏஜென்ட் மூலம் எடுத்திருக்கிறீர்களா? அவர் கொடுத்த ரயில் பாஸில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். ‘டாய்ச்லாண்ட் டிக்கெட்’ என்று இருந்தால் இதை முழுக்கப் படித்துவிட்டுப் பெட்டி கட்டுங்கள்.

நாங்கள் திருச்சி. 2025 ஜூனில் நான், வீட்டுக்காரர், 11 வயதுப் பெரியவள், 4 வயதுச் சின்னவன், என் அம்மா என ஐந்து பேர் போனோம். ஊர் சுற்றுவது ஒரு சாக்குதான், அம்மாவுக்கு பெர்லினில் இருக்கும் அவருடைய அண்ணனைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். மாமாவுக்கு 82 வயது, முட்டி வலி, இனி அவரால் இந்தியா வர முடியாது. அம்மாவுக்கும் 74 ஆகிவிட்டது.

ஏஜென்ட் எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸாப் குழுவில் யாரோ சொல்லிக் கிடைத்தவர். நன்றாகப் பேசுவார், வார்த்தைக்கு வார்த்தை சிஸ்டர். ‘ஜெர்மனி முழுக்க எல்லா ரயிலுக்கும் பாஸ் போட்டுத் தருகிறேன் சிஸ்டர், ஏறி உட்கார வேண்டியதுதான்’ என்றார். தலைக்கு 14,500 ரூபாய், ஐந்து பேருக்கு 72,500. விசா, ஓட்டல் எல்லாம் தனி. யூரோ நாட்டில் ரயில் அப்படித்தான் இருக்கும் போல என்று நானும் கணக்குப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன், இதில் என் தப்பும் உண்டு.

ஃப்ராங்க்ஃபர்ட்டில் போட்டுக் கொடுத்த ஓட்டலே முதல் அறிகுறி. ‘ஸ்டேஷனுக்கு எதிரே, நடந்தே போகலாம்’ என்றார், உண்மைதான். ஆனால் அந்த ஸ்டேஷன் பக்கத்துத் தெருக்கள் போதை ஆசாமிகளுக்கும் சிவப்பு விளக்குக்கும் பேர் போனவை, ராத்திரி பால் வாங்கப் போன வீட்டுக்காரர் வெறுங்கையோடு திரும்பி வந்து கதவைத் தாழ் போட்டுக்கொண்டார்.

மறுநாள் கொலோன். ஏஜென்ட் கொடுத்த திட்டத்தில் ஐசிஇ, அதாவது அந்த ஊரின் அதிவேக ரயில், போட்டிருந்தது. ஆனால் மாமா பையன் போனில், ‘வேகமாகப் போய் என்ன செய்யப் போறீங்க, ரைன் கரையோரம் போற மெதுவான ரயில்ல வாங்க’ என்றான். அப்படியே கோப்லென்ஸில் மாறிப் போனோம். மலைக்கு மலை கோட்டை, ஆற்றில் சரக்குப் படகுகள், திராட்சைத் தோட்டங்கள், அம்மா ஜன்னலை விட்டு நகரவில்லை. பரிசோதகர் வந்து பாஸைப் பார்த்தார், தலையாட்டிவிட்டுப் போனார். முதல் நாளே நாங்கள் மாட்டிக்கொள்ளாமல் போனது இதனால்தான்.

கொலோனில் திட்டப்படி அடுத்த நாள் ‘ஷாப்பிங்’. அன்று ஞாயிற்றுக்கிழமை. ஜெர்மனியில் ஞாயிறு கடை கிடையாது என்பது அங்கே ஒரு தடவை போனவனுக்குக்கூடத் தெரியும். சரி, கோயில் திறந்திருந்ததே என்று கதீட்ரலைப் பார்த்தோம். 1248இல் தொடங்கி 1880இல் முடித்தார்களாம், 533 படி ஏறிக் கோபுரத்துக்கும் வீட்டுக்காரரும் மகளும் போய் வந்தார்கள்.

திங்கட்கிழமை காலை 10:48க்கு பெர்லின் போகும் ஐசிஇ. இந்த நேரம், ரயில் எண் எல்லாம் ஏஜென்ட் அனுப்பிய பிடிஎஃப்பிலேயே அச்சாகி இருக்கிறது, அதை மறந்துவிடாதீர்கள். வண்டி கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் பரிசோதகர் அம்மா வந்தார். நாலு பாஸையும் ஸ்கேன் செய்தார், எங்களைப் பார்த்தார், மறுபடி பாஸைப் பார்த்தார். இது உள்வட்டார ரயில்களுக்கான மாத டிக்கெட், ஐசிஇயில் செல்லாது என்று நிதானமாகச் சொன்னார். டிக்கெட் இல்லாமல் பயணம் செய்தால் அங்கே குறைந்தது 60 யூரோ அபராதம், தூரம் கூடினால் அதுவும் கூடும். வீட்டுக்காரர் பிடிஎஃப்பைக் காட்டினார். அவர் அதைப் படித்துவிட்டு, அம்மாவையும் தூங்கிக்கொண்டிருந்த சின்னவனையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அபராதம் எழுதவில்லை, அடுத்து ஹம் ஸ்டேஷனில் இறங்கிவிடுங்கள் என்றார். பெட்டியில் எல்லோரும் பார்க்க ஐந்து பேரும் ஆறு பெட்டியும் இறங்கினோம். அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை.

இந்த ஹம் ஊரில்தான் ஈழத் தமிழர்கள் கட்டிய காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது, 2002இல் கும்பாபிஷேகம் ஆனது, நம் ஊர் மாதிரியே ராஜகோபுரம். அம்மாவுக்கு அது தெரிந்ததும், ‘அவளே கூப்பிட்டு இறக்கி விட்டிருக்கா, எட்டிப் பார்க்காமப் போறோமே’ என்று பிளாட்பாரத்திலேயே கண்ணில் தண்ணீர். கோயில் ஊருக்கு வெளியே, போய் வந்தால் அன்றைக்கு பெர்லின் போய்ச் சேர முடியாது.

அங்கிருந்து பெர்லினுக்கு அன்றைய ஐசிஇ டிக்கெட் மூன்று பெரியவர்களுக்கு 300 யூரோவுக்கு மேல் காட்டியது. எனவே அதே பாஸில் மின்டன், பிரவுன்ஷ்வைக், மக்டபுர்க் என்று ரயில் மாறி மாறிப் போனோம். ஓரிடத்தில் ரயில் தாமதமாகி அடுத்த வண்டி கண்ணெதிரே போனது. மத்தியானம் மூன்று மணிக்குப் போயிருக்க வேண்டிய நாங்கள் மாமா வீட்டுக் கதவைத் தட்டியபோது ராத்திரி பதினொன்று. எட்டு மணிக்கே மாத்திரை போட்டுப் படுத்துவிடுகிறவர் நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கிப்போயிருந்தார், மடியில் அம்மாவின் பழைய போட்டோ. அங்கே இருந்ததே இரண்டு இரவு, அதில் ஒரு நாள் இப்படிப் போனது. பணம் போனதைவிட இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இப்போது கணக்கு. எங்களுக்குக் கொடுத்த டாய்ச்லாண்ட் டிக்கெட்டின் விலை 2025இல் 58 யூரோ. நாலு பேருக்கு 232 யூரோ, சுமார் 23,000 ரூபாய். ஆறு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு டிக்கெட்டே வேண்டாம், ஆனால் சின்னவனுக்கும் 14,500 வாங்கியிருக்கிறார். ஆர்இ, ஆர்பி என்கிற உள்வட்டார ரயில்கள், எஸ்-பான் என்கிற புறநகர் ரயில், யு-பான் என்கிற மெட்ரோ, டிராம், பஸ் எல்லாவற்றிலும் செல்லும், அந்த வகையில் அருமையான டிக்கெட். ஐசிஇ, ஐசி, இசி என்கிற நெடுந்தூர ரயில்கள் மூன்றிலும் செல்லாது. ஜெர்மன் ரயில்வே ஆப்பில் டாய்ச்லாண்ட் டிக்கெட் செல்லும் ரயில்களை மட்டும் காட்டச் சொல்லித் தேடலாம், மாமா பையன்தான் காட்டிக் கொடுத்தான். முனிக்குக்கும் அவனே தனி டிக்கெட் எடுத்துக் கொடுத்தான். முனிக்கில் நாங்கள் இருந்த ஜூன் 19 அங்கே விடுமுறை, கடை அடைப்பு, ஏஜென்ட் அதையும் ஷாப்பிங் நாள் என்று போட்டிருந்தார். அன்றைய தேவாலய ஊர்வலம் மட்டும் அழகு.

போனில் ஏஜென்ட் சொன்ன பதில்: ‘நீங்க தப்பான வண்டியில ஏறிட்டீங்க சிஸ்டர்.’ அவர் எழுதிய வண்டியைத்தான் சொல்கிறார்! ஜூலையில் அவரே அழைத்தார், இன்னும் 232 யூரோ அனுப்புங்கள் என்று. இது மாதச் சந்தா, 10ஆம் தேதிக்குள் ரத்து செய்தால்தான் அந்த மாதத்தோடு நிற்கும். நாங்கள் ஃப்ராங்க்ஃபர்ட்டில் இறங்கியதே 13ஆம் தேதி. ரத்து செய்யாதது அவர், அடுத்த மாதக் காசு பிடித்தது அவர் கார்டில், கேட்பது என்னிடம். தரவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகார் பதிந்திருக்கிறேன். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. பிடிஎஃப், பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸாப் குரல் பதிவு மூன்றும் பத்திரமாக இருக்கிறது. நீங்களும் எதையும் அழித்துவிடாதீர்கள்.

நேற்று குழுவில் அவருடைய புது போஸ்டர் வந்தது, அக்டோபர்ஃபெஸ்ட் ஸ்பெஷல். கீழே சிவப்பு எழுத்தில் அதே வரி, ‘எல்லா ரயிலுக்கும் பாஸ்’. அதற்குக் கீழே என் பிடிஎஃப்பைப் போட்டேன், பத்து நிமிடத்தில் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள்.