ஜியோஜீப்ரா: விடை வராத படத்தை இழுத்துப் பார்க்க ஒரு கருவி

அண்ணன் மகள் ஒன்பதாம் வகுப்பு. போன வாரம் ஒரு பயிற்சிப் புத்தகத்தில் இருந்த கணக்கோடு இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டி, அழாத குறையாக என்னிடம் வந்தாள். ஏபிசி ஒரு இருசமபக்க முக்கோணம், ஏபியும் ஏசியும் சமம். பிசி மேல் டி, ஏசி மேல் இ. பிஏடி கோணம் 30 டிகிரி என்றால் இடிசி கோணம் எவ்வளவு? கடைசிப் பக்கத்தில் விடை 15 என்று இருந்தது. எனக்கும் பிடிபடவில்லை, சரி என்று ஜியோஜீப்ராவைத் திறந்தேன்.

2001ல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்கஸ் ஹோஹென்வார்ட்டர் தொடங்கிய, வடிவங்களை வரைந்து இழுத்துப் பார்க்கும் கணித மென்பொருள் இது. வீட்டில் படிக்க இலவசம், பிரவுசரிலேயே ஓடும்.

பிசி வரைந்து அதன் மையக்குத்துக்கோட்டில் ஏ புள்ளியை வைத்தால் இருசமபக்கம் தானாக அமைந்துவிடும். 30 டிகிரிக்குக் கோடு இழுத்து டி கிடைத்தது. இ எங்கே என்றுதான் கணக்கில் இல்லையே, அதனால் அதை ஏசி மேல் சும்மா நகர்த்தினோம். சி பக்கம் வந்தால் கோணம் 0, ஏ பக்கம் போகப்போக ஏறிக்கொண்டே போகிறது, உச்சிக்கோணம் 80 இருந்த எங்கள் படத்தில் கிட்டத்தட்ட 80 வரை. கொடுத்த எதையும் மீறாமலே விடை இப்படி ஓடுகிறது என்றால் குறை பிள்ளையிடம் இல்லை, கணக்கில்தான். ஏடியும் ஏஇயும் சமம் என்ற வரி அச்சில் விடுபட்டிருக்கிறது. ஏயை மையமாக வைத்து டி வழியாக வட்டம் போட்டு, அது ஏசியை வெட்டும் இடத்தில் இ வைத்ததும் 15! அப்புறம் டி பிசி மேலேயே இருக்கும்வரை ஏயை மேலே கீழே எப்படி இழுத்தாலும், முக்கோணம் ஒல்லியானாலும் அகலமானாலும் அதே 15. உச்சிக்கோணம் தேவையே இல்லை.

ஏன் என்பதை மட்டும் கருவி சொல்லாது, அது நம் வேலை. ஏபிடி முக்கோணத்துக்கு ஏடிசி வெளிக்கோணம், எனவே பி கோணத்தோடு 30 கூட்டினால் வரும். இடிசி முக்கோணத்துக்கு ஏஇடியும் வெளிக்கோணம்தான், சி கோணத்தோடு விடையைக் கூட்டினால் வரும். ஏடியும் ஏஇயும் சமம், அதனால் ஏடிஇயும் அதே அளவு என்பதால் ஏடிசி என்பது சி கோணமும் விடையின் இரண்டு மடங்கும். பியும் சியும் சமம், ஆக இரண்டு மடங்கு 30. இதை அவளே எழுதி முடித்தாள்.

ஆனால் சமன்பாடு சுற்றிச் சுற்றி வந்த இடத்துக்கே வந்தால் உடனே தகவல் போதாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1922ல் லாங்லி என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் போட்ட 80, 80, 20 டிகிரி முக்கோணக் கணக்கும் அப்படித்தான் படுத்தும், ஆனால் அதன் விடை 30 என்று உறுதியாக நிற்கிறது. அதையும் தேடி எடுத்து வரைந்து பாருங்கள், அமைப்புகளில் தசம இடங்களைக் கூட்டி வைத்துக்கொண்டு.

என் மதிப்பெண் 5க்கு நாலரை. அரை குறைத்தது போன் திரைக்காக, புள்ளியை விரலே மறைத்துவிடுகிறது. முடிந்தால் மடிக்கணினியில் பாருங்கள்.