பெயின்ட் வாளி நின்றது, சிமென்ட் சாக்கு கிழிந்தது: ஏழு வருடச் சிக்கனக் கணக்கு

2019 ஜனவரி 1 அன்று, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தபோது, எங்கள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு கேரி பேக் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் இன்னும் நூறு கேரி பேக். "இனிமே கிடைக்காது, பத்திரமா வை" என்றார் அத்தை. அந்த மூட்டையை என்ன செய்வது என்று யோசிக்க ஆரம்பித்ததில்தான் எனக்கு இந்தக் கிறுக்கு பிடித்தது. யார் என்ன டிப்ஸ் சொன்னாலும் செய்து பார்ப்பேன். செய்ததைத் தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதி, கிளிப் போட்டு வைப்பேன். முன்பக்கமே தேதி அச்சடித்திருப்பதால் அதை எழுதும் வேலையும் மிச்சம்.

இப்போது அது இரண்டு கட்டாகிவிட்டது. புரட்டிப் பார்த்தால், முதல் வாரத்தில் "சூப்பர்" என்று நான் எழுதியதில் பாதி இரண்டாவது வெயில்காலத்தைத் தாண்டவில்லை. எங்களுக்கு மதுரையில் மாடியோடு சின்ன வீடு. நான், வீட்டுக்காரர், மகன், அத்தை என்று நாலு பேர். போர் தண்ணீர் உப்பு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தண்ணீர் மாறினால் இதில் சில விஷயங்கள் மாறும்.

அதிகம் அடிபட்டது மாடித் தோட்டத்தில்தான். தொட்டிக்குக் காசு செலவழிக்கக் கூடாது என்று, பக்கத்துத் தெருவில் வீடு கட்டிய இடத்திலிருந்து பத்து சிமென்ட் சாக்கு வாங்கி வந்தேன். உதறி, அலசி, வாயை மடித்து, செம்மண், மட்கிய சாணம், தேங்காய் நார்க்கழிவு மூன்றையும் கலந்து நிரப்பி, கத்தரியும் தக்காளியும் வைத்தேன். முதல் ஆறு மாதம் பிரமாதம். அடுத்த மே மாதம், செடியை நிழலுக்கு நகர்த்தலாம் என்று சாக்கின் காதைப் பிடித்துத் தூக்கினேன். காது கையோடு வந்தது. அடுத்ததை அடியில் கை கொடுத்துத் தூக்கினேன். அடி விட்டுப்போய் ஒரு மூட்டை மண்ணும் மாடிப்படியில் கொட்டியது. அந்தச் சாக்கு பாலிபுரொப்பிலின் நாடாவில் நெய்தது. வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் அதை அப்பளமாக்கிவிடும், தொட்டாலே உதிரும். அரிசிச் சாக்கும் அதே ஜாதிதான். உதிர்ந்த இழையெல்லாம் மண்ணோடு கலந்துவிட்டது. ஐந்து வருடம் கழித்தும் அந்த மண்ணைக் கொத்தினால் வெள்ளை வெள்ளையாக வருகிறது. பொறுக்கிப் போட்டு மாளவில்லை. இன்றைக்கும் சாக்கில் செடி வைக்கச் சொல்லி யாராவது சொன்னால் எனக்கு முதலில் அந்த மாடிப்படிதான் ஞாபகம் வரும்.

அதற்குப் பதிலாக வந்தது பெயின்ட் வாளி. வீட்டுக்கு வெள்ளையடித்தபோது பெயின்டர் விட்டுப்போன 20 லிட்டர் வாளி நாலு. அப்புறம் பழைய இரும்புக்கடையில் இன்னும் ஆறு வாங்கினேன். தண்ணீரில் கரைக்கும் எமல்ஷன் பெயின்ட் வாளிதான் வேண்டும். டர்பன்டைன் ஊற்றிக் கரைக்கும் எனாமல் டப்பாவைத் தொடாதீர்கள், வாடையே போகாது. எமல்ஷன் வாளியை இரண்டு நாள் வெயிலில் கவிழ்த்து வைத்தால், உள்ளே ஒட்டியிருக்கும் பெயின்ட் ஆடை மாதிரி உரிந்து வரும். ஓரத்தைக் கிளப்பிவிட்டு மெதுவாக இழுத்தால் ஒரே பாளமாகக் கூட வரும். எங்கள் வீட்டில் அந்த வேலைக்குப் போட்டி நடக்கும்.

ஓட்டை போடுவதில் ஒரு பாடம் கற்றேன். அடியில் போட்டால் மொட்டைமாடித் தளத்தோடு ஒட்டிக்கொண்டு தண்ணீர் வடியாது. அடியிலிருந்து ஓர் அங்குலம் மேலே, பக்கவாட்டில் சுற்றிலும் ஆறு ஓட்டை போட வேண்டும். உள்ளே நாலு விரல் உயரத்துக்குத் தேங்காய் மட்டையைப் பிய்த்துப் போட்டு, அதன் மேல் மண். இப்படி வைத்த வாளிகளில் ஒன்றுகூட இன்னும் வெடிக்கவில்லை. சாயம் வெளுத்திருக்கிறது, கைப்பிடிக் கம்பி மட்டும் துருப்பிடித்து ஒவ்வொன்றாக விழுந்தது. மண் நிரப்பிய வாளியைக் கைப்பிடி இல்லாமல் நகர்த்துவது முதுகுக்கு நல்லதல்ல. வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் கழற்றிப் போட்ட பழைய பிரேக் கேபிளை ஓட்டை வழியே கோத்து முடிந்து கொடுத்தார். அது கம்பியைவிடப் பலமாக இருக்கிறது.

தெர்மாகோல் மீன் பெட்டியில் கீரை நன்றாக வந்தது, இரண்டு வருடம். பிறகு ஓரமெல்லாம் ஜவ்வரிசி மாதிரி உதிர ஆரம்பித்தது. உதிராமல் மிச்சமிருந்த ஒரு பெட்டியை வெயிலிலிருந்து சமையலறைக்குக் கொண்டுவந்ததில்தான், எதிர்பாராமல், இந்தக் கட்டிலேயே அதிகம் காசு மிச்சப்படுத்திய வேலை அமைந்தது. சோறு வடிப்பதற்குத் தண்ணீர் கொதித்ததும் அரிசியைப் போட்டு, மறுபடி கொதி வந்த பிறகு ஐந்து நிமிடம் அடுப்பில் விடுவேன். மூடி போட்டு, பழைய துண்டில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுவேன். பச்சரிசிக்கு அரை மணி, புழுங்கலுக்கு ஒரு மணி. எடுத்து வடித்தால் சோறு உதிரி உதிரியாக இருக்கும். முதல் நாள் சுடுபாத்திரத்தை நேராகப் பெட்டிக்குள் வைத்தேன். தெர்மாகோல் இளகி, பாத்திரத்தின் அடி அளவுக்கு வட்டமாக ஒரு பள்ளம் விழுந்தது. இப்போது கீழே ஒரு பலகைத் துண்டு போட்டிருக்கிறேன். மதியத்துக்கு வைத்ததைச் சாயங்காலம் வரை உள்ளேயே மறந்துவிடக் கூடாது, வெதுவெதுப்பில் கெட்டுப்போகும். 14.2 கிலோ சிலிண்டர் எங்களுக்கு முன்பு 41, 42 நாள் வரும். இப்போது 48 நாளுக்குக் குறைவதில்லை. ஒவ்வொரு சிலிண்டர் மாற்றியதும் அதே காலண்டர் தாளில்தான் குறித்து வைக்கிறேன்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். ஆர்.ஓ. மெஷின் ஒரு லிட்டர் குடிதண்ணீர் கொடுக்க மூன்று லிட்டர் போல வெளியே தள்ளுகிறது. அதைச் செடிக்கு ஊற்றச் சொல்லாத ஆளில்லை. நானும் ஊற்றினேன். மூன்று மாதத்தில் புதினா கருகியது, கறிவேப்பிலை மஞ்சளித்தது, வாளியின் மண்மேல் உப்புப் பூத்தது. தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் டி.டி.எஸ். மீட்டர், பேனா மாதிரி ஒன்று, இருநூறு ரூபாய்க்கு வாங்கிய பிறகுதான் விஷயம் புரிந்தது. எங்கள் போர் தண்ணீர் 900 காட்டியது. ஆர்.ஓ. தள்ளிய தண்ணீர் 1,180. குடிதண்ணீரில் இருந்து எடுத்த உப்பை வேறெங்கு வைக்கும், அந்தக் கழிவில்தானே? ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் வைத்தேன், 18. காற்றிலிருக்கும் ஈரம் குளிர்ந்து வடிவதால் அதில் உப்பு இல்லையென்றே சொல்லலாம். ராத்திரி முழுக்க ஏ.சி. ஓடினால் அரை வாளிக்கு மேல் சேரும்.

இப்போது வெயில்காலத்தில் இரண்டையும் பாதிக்குப் பாதி கலந்து தக்காளிக்கும் செம்பருத்திக்கும் ஊற்றுகிறேன், 600 சுற்றி நிற்கிறது. புதினாவுக்கு ஏ.சி. தண்ணீர் மட்டும். ஏ.சி. ஓடாத மாதங்களில் ஆர்.ஓ. கழிவு பாத்ரூம் கழுவவும் மிதியடி ஊறவைக்கவும்தான் போகிறது. உங்கள் ஊரில் நல்ல தண்ணீர் என்றால் இந்தப் பாடு எதுவும் உங்களுக்கு வேண்டாம், கழிவையும் தாராளமாக ஊற்றலாம். ஏ.சி. தண்ணீரை இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றலாம் என்று ஒருவர் சொல்லி, வீட்டுக்காரர் புனலோடு கிளம்பினார். எலக்ட்ரீஷியன் தம்பி பார்த்துவிட்டு, "அண்ணே, காயில்ல இருக்கிற தூசியும் செம்பும் சேர்ந்துதான் அது வருது, பேட்டரிய முடிச்சிரும்" என்று தடுத்தார். அந்தத் தாளில் "வேண்டாம்" என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

அரிசி களைந்த தண்ணீர்பற்றி எனக்குக் குறையே இல்லை, அன்றன்றைக்கு ஊற்றினால். சேர்த்துவைத்துப் புளிக்கவைத்தால் இன்னும் சத்து என்று நம்பி ஒரு வாளியை மூடாமல் விட்டேன். ஒரு வாரத்தில் வாளி நிறையக் கொசுப் புழு. தண்ணீர்ப் பாட்டிலில் ஓட்டை போட்டுக் கவிழ்த்து வைக்கும் சொட்டுநீரும் அப்படித்தான். பச்சைப் பாசி பிடித்து மூன்றாம் வாரம் ஓட்டை அடைத்துக்கொண்டது. ஊருக்குப் போகும் நாலு நாளுக்கு மட்டும் இப்போது வைக்கிறேன்.

எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலை ஊறவைத்துச் செய்யும், வீடு துடைக்கிற பயோ என்சைம்பற்றித் தனியே சொல்ல வேண்டும். வெல்லம் ஒரு பங்கு, தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, மூன்று மாதம் ஊற வேண்டும். நொதிக்கும்போது வாயு கிளம்பும். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து விட வேண்டும். நான் ஊறுகாய் பாட்டிலில், கண்ணாடியில், இறுக்க மூடி வைத்துவிட்டு ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்தேன். வந்த அன்று ராத்திரி இரண்டு மணிக்கு டமார் என்று சத்தம். பூனை என்று நினைத்து வீட்டுக்காரர் குச்சியோடு போனார். அலமாரி முழுக்க வெல்லத் தண்ணீரும் கண்ணாடிச் சில்லும். மறுநாள் எறும்பு. அதற்கப்புறம் பிளாஸ்டிக் கேனில்தான் போடுகிறேன். பாதிக்கு மேல் நிரப்புவதில்லை.

சரி, பலன்? தரை துடைக்க, பாத்ரூம் டைல்ஸில் படிந்த உப்புக்கறைக்கு, சாக்கடை வாடைக்கு நல்லது. லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய் வெல்லம்தான் செலவு. எண்ணெய்ப் பிசுக்குக்கு ஒன்றும் செய்யாது, அதற்குச் சோப்புதான். அடுப்பு மேடையில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். எங்கள் மேடை கடப்பா கல். அது சுண்ணாம்புப் பாறை, புளிப்பு பட்டால் அரிக்கும். நான் துடைத்த இடத்தில் இன்னும் ஒரு சாணுக்கு வெள்ளைத் திட்டு இருக்கிறது. எலுமிச்சைப் பழத்தை நறுக்கி அப்படியே மேடையில் வைத்தாலும் இதே கதிதான். மார்பிளும் தாங்காது. கிரானைட் எவ்வளவோ தேவலை.

சின்னச் சின்ன விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முட்டை ஓட்டைக் கையால் நொறுக்கிப் போட்டால் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. காயவைத்து மிக்ஸியில் மாவாக்கினால்தான் மண்ணில் சேரும். டீத்தூளைப் பாலும் சர்க்கரையும் போக இரண்டு தடவை அலசாமல் போட்டால் செடியை எறும்பு எடுத்துக்கொள்ளும். புளி கரைத்த சக்கையை ஒரு நாளும் தூக்கிப் போட்டதில்லை. பித்தளை விளக்குக்கு அதற்கு மேல் ஒன்று இன்னும் விற்பனைக்கு வரவில்லை. பால் பாக்கெட்டின் மூலையை முழுசாக வெட்டாமல் ஒட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டி, கழுவிக் கவிழ்த்து, மிளகாய் நாற்றுப் போடுகிறேன். நட்ட பிறகு பையை அலசிப் பழைய பேப்பர்க்காரருக்குக் கொடுத்துவிடலாம். பழைய பேன்டின் காலை வெட்டித் தைத்த பைகள் பதினொன்று இருக்கின்றன. தைத்தது பெரிய விஷயமில்லை. கடைக்குப் போகும்போது பதினொன்றும் வீட்டிலேயே இருந்ததுதான் இரண்டு வருடப் பிரச்சினை. ஒன்றை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் போட்டு, எடுத்தவர் திரும்ப வைக்காவிட்டால் அன்றைக்குக் காபி கிடையாது என்று சட்டம் போட்ட பிறகு தீர்ந்தது.

இவ்வளவு தாளும் ஈடு கட்ட முடியாத ஒரு விஷயம், நான் எழுதிவைக்க அவசியமே இல்லாமல், அத்தை கையில் இருந்தது. பழைய வேட்டி. மாமா கட்டி நைந்த எட்டு முழ வேட்டி ஒன்றும் அவர் வீணாக்கியதில்லை. கரைப் பக்கம் பல்லால் ஒரு கடி, அப்புறம் இரண்டு கையாலும் ஓர் இழுப்பு. டர்ரென்று நூல் பிடித்த மாதிரி நேராகக் கிழியும், கத்தரிக்கோலே வேண்டாம். நடுவில் நைந்திருக்கும் பகுதிதான் இட்லித் துணிக்கு, மெத்தென்று இருக்கும். ஓரத்தில் கெட்டியாக இருப்பது மோர் வடிகட்ட. இட்லித் துணி கறுத்துப்போனால் அடுப்பில் பாத்திரம் இறக்கும் கரித்துணி. கரித்துணி நைந்தால் தரை துடைக்க. கிழிக்கும்போது ஓரத்தில் விழும் சுத்தமான நாடாக்களைத் திரித்து விளக்குத் திரியாக்கிவிடுவார்.

மாமா போன பிறகு வீட்டுக்காரரின் வேட்டிகளை வைத்து நான் அதே வேலையைச் செய்தேன். துணி தண்ணீரை உறிஞ்சவே இல்லை. கரித்துணியாக எடுத்து ரசப் பாத்திரத்தை இறக்கியபோது தணலில் பட்டு ஓரம் சுருங்கி விரலில் ஒட்டியது. இப்போது வரும் "ஈஸி" வேட்டியில் பாதி பாலியெஸ்டர். அத்தை அந்தத் துணியிலிருந்து ஒரு நூலை உருவி விளக்கில் காட்டினார். நூல் நுனி உருண்டு, கறுப்பு மணியாக இறுகி நின்றது. பிறகு மாமாவின் பழைய துணியிலிருந்து ஒரு நூல். அது திகுதிகுவென்று எரிந்து, காகிதம் எரிந்த வாடையோடு, ஊதினால் பறக்கிற சாம்பலாகப் போனது. "இது இட்லிக்கு, அது ஸ்கூட்டர் துடைக்க" என்றார்.

போன தீபாவளிக்கு அவரையும் துணிக்கடைக்குக் கூட்டிப் போனோம். விற்பனையில் இருந்த பையன் வேட்டி வேட்டியாக விரித்துப் போட்டு, எல்லாம் சுத்தப் பருத்தி என்றான். அத்தை ஒன்றின் ஓரத்தில் ஒரு நூலை உருவி எடுத்தார். இடுப்பில் சொருகியிருந்த சுருக்குப்பையைத் திறந்தார்.

"பாட்டி, பாட்டி! கடைக்குள்ள தீப்பெட்டிய எடுக்காதீங்க!"

"அப்ப நீயே சொல்லு, இது கிழிச்சா நேரா கிழியுமா?"

பையன் விழித்தான். உள்ளேயிருந்து கடைக்காரர் எழுந்து வந்து, மேல் அடுக்கிலிருந்து வேறு கட்டு ஒன்றை இறக்கினார்.