நெடுங்கழிப் பயிற்சி: தெற்கின் வன்மரமா, வடக்கின் வளைமரமா?

சீனத் தற்காப்புக் கலைகளில் நெடுங்கழி பயில விரும்புவோர் பெரும்பாலும் இரண்டு மரபுகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். ஒன்று, குவாங்டொங் மாநிலத்தில் வளர்ந்து, 1950களில் ஆசிரியர் இப் மான் ஹாங்காங்கில் கற்பிக்கத் தொடங்கிய பின் உலகெங்கும் பரவிய விங் சுன் கலையின் ‘ஆறரைப் புள்ளிக் கழி’. மற்றொன்று, ஹெபெய், ஹெனான் பகுதிகளின் பாஜிச்சுவான், சென் தாய்ச்சி ஆகிய கலைகளில் பயிலப்படும் பெருங்கழி. புருவ உயரமுள்ள ஷாவோலின் கம்பு இந்த ஒப்பீட்டில் இடம்பெறவில்லை. அது இரு முனைகளாலும் அடிப்பது, சுழற்றப்படுவது. நெடுங்கழியோ பருத்த முனையைப் பின்கையில் பிடித்து, மெலிந்த முனையால் மட்டும் வேலை வாங்கும் கருவி. பழக்கத்தில் அது ஈட்டிக்கே நெருக்கமானது.

தெற்கு, வடக்கு ஆகிய இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அடவுகளின் பட்டியலில் தேடுவோர் பலர். எனக்கு அது மரத்தில்தான் தொடங்குவதாகத் தோன்றுகிறது. விங் சுன் கழி வழக்கமாக எட்டு, ஒன்பது அடி நீளமுள்ள வன்மரத்தாலானது. போர்னியோவிலிருந்து வரும் இரும்பு மரம் போன்ற கனத்த வகைகளை அம்மரபினர் விரும்புகின்றனர். அது வளைந்து கொடுக்காது. வடக்கின் கழி, வெண்மெழுகுப் பூச்சி வளரும் சீன ஆஷ் மரத்தின் இளந்தண்டு. பலகையிலிருந்து அறுத்துக் கடையாமல் தண்டு முழுவதையும் பயன்படுத்துவதால், அதன் நார் அடிமுதல் நுனிவரை அறுபடாமல் ஓடுகிறது. எனவே மூன்று மீட்டர் நீளத்திலும் அது வில்லாக வளைந்து மீள்கிறது, எளிதில் சிலும்புவதுமில்லை.

வளையாத கனம் முதலில் சோதிப்பது காலையும் தோளையும்தான். விங் சுன்னின் வெறுங்கைப் பயிற்சி குறுகிய நிலையில், முழங்கைகளை உடலுக்கு அருகில் வைத்துச் செய்யப்படுவது. கழியை எடுத்ததும் அகன்று தாழ்ந்த குதிரை நிலையும் பக்கவாட்டு நிலைப்பும் தேவைப்படுகின்றன. மரப்பொம்மைப் பயிற்சிக்குப் பிறகே கழியைக் கற்பிக்கும் வழக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதலாம். ஆறு அடிப்படைச் செயல்களும் ஓர் அரைச் செயலும் கொண்ட கழிப் பயிற்சித் தொடர் மிகச் சிறியது; எவை அந்த ஆறு என்பதில் பரம்பரைக்குப் பரம்பரை பட்டியல் மாறுகிறது. ‘கழி இருமுறை ஒலிக்காது’ என்ற மரபுமொழிதான் இதன் சாரம்: எதிராளியின் கழியை விலக்குவதும் அவரைக் குத்துவதும் ஒரே தொடுகையில் முடிந்துவிட வேண்டும்.

வடக்கில் தொடர்களைவிட மூன்று செயல்களுக்கே நேரம் செலவாகிறது: லான், நா, ஜா. லான் என்பது நுனியால் வெளிப்புறம் சிறு வட்டமிட்டுத் தடுப்பது. நா என்பது உட்புறம் வட்டமிட்டு அமுக்குவது. ஜா என்பது குத்து. முன்கை குழாயைப் போலத் தளர்ந்திருக்க, அதனூடே கழி வழுக்கி ஓட வேண்டும். பின்கை பூட்டைப் போல அடிமுனையை இறுகப் பற்றியிருக்க வேண்டும். வட்டம் கையால் போடப்படுவதன்று. இடுப்பு திரும்பும்போது பின்கை அதனுடன் உருண்டு செல்வதால் உண்டாவது. தோளால் மட்டும் தள்ளினால் கழி நடுவில் அலைந்து நுனி தளர்ந்து தொங்கும். கால், இடுப்பு, முதுகு ஆகியவை ஒரே கணத்தில் சேர்ந்தால் அதிர்வு நுனிவரை சென்று துடிக்கும். ஆசிரியர் அருகில் இல்லாத நாளிலும் கழியே பிழையைக் காட்டிக்கொடுக்கிறது என்பதே வளைமரத்தின் பெரிய ஆதாயம். வன்மரம் இவ்வளவு வெளிப்படையாகப் பேசாது. முரட்டுத் தோள்வலிமை உடையவர் அதில் ஆண்டுக்கணக்காகத் தவறாகவே குத்திக்கொண்டிருக்க முடியும்.

பழம்பெருமையைக் கொண்டு தேர்ந்தெடுப்பதில் பயனில்லை. ஷாவோலின் துறவி ஜீ சிம், சிவப்புப் படகுகளில் ஊர் ஊராகச் சென்ற ‘செவ்வோட’ நாடகக் குழுவினருக்குக் கழி கற்பித்தார், அதுவே விங் சுன்னுக்கு வந்தது என்பது செவிவழிக் கதை. பாஜிச்சுவான் ஆசான் லி ஷூவென் ‘ஈட்டித் தெய்வம்’ எனப் புகழப்பட்டதால் அவர் மரபின் கழி எல்லோருக்கும் கைவந்துவிடப் போவதுமில்லை. பொருட்படுத்தத் தக்கவர் 16ஆம் நூற்றாண்டின் மிங் தளபதி யூ தாயோ. கழிப் பயிற்சியை கன்பூசியக் கல்வியின் நான்கு அடிப்படை நூல்களைக் கற்பதற்கும், பிற ஆயுதங்களைத் தனித்தனிச் செவ்வியல் நூல்களைக் கற்பதற்கும் அவர் ஒப்பிட்டார். கழியை அவர் அடித்தளமாகவே கருதினார் என்பது இதிலிருந்து தெளிவாகும்.

ஏற்கெனவே விங் சுன் பயில்வோர், ஆசிரியர் அருகிலிருந்தால், வன்மரத்தையே தொடரலாம். ஆனால் எட்டடிக்கு மேல் உடனே தாவ வேண்டாம், தோள்மூட்டு எளிதில் மன்னிக்காது. தனியாகப் பயில்வோருக்கும், தாய்ச்சியில் உடலை ஒருங்கிணைக்க முயல்வோருக்கும் வளைமரமே என் பரிந்துரை. வாங்கும்போது அடிமுனையிலிருந்து நுனிவரை கண்ணோட்டம் விட்டுப் பார்த்து, நுனிப்பகுதியில் பெரிய கணு இருந்தால் ஒதுக்கிவிடுங்கள், கழி அங்கேதான் முறியும். சுவரில் சாய்த்து வைத்தால் வளைந்துவிடும் என்பதால், தொங்கவிட்டோ தரையில் கிடத்தியோ வைப்பது நல்லது.