கூட்டம் போட்டுக் கேட்பதா, கூடச் சேர்ந்து செய்து பார்ப்பதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில், முதியவர்கள் கிளினிக்குக்குப் போய்வர ஒரு பொது வேன் விடப்போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஊர் மக்களை இதில் எப்படிச் சேர்ப்பது?

ஒன்று, நமக்குப் பழகிய கருத்துக்கேட்புக் கூட்டம். செலவு குறைவு, ஒரே மாலையில் முடிந்துவிடும். ஆனால் ஒலிவாங்கி யார் கைக்குப் போகிறது? விடியுமுன் எழுந்து செம்பனை உதிரிப்பழம் பொறுக்கப் போன அக்கா இரவுக் கூட்டத்துக்கு வரமாட்டார். வந்தாலும் பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் பேசாமல் திரும்புவார்.

மற்றொன்று ‘வாழும் ஆய்வகம்’ (living lab): ஒரு சேவையை மக்கள் தங்கள் அன்றாட வாழ்க்கையிலேயே பயன்படுத்திப் பார்த்து, கூடச் சேர்ந்து திருத்தும் முறை. ஐரோப்பாவில் இதற்கென 2006-இல் ஒரு வலையமைப்பே உருவானது. பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியில் பழைய துறைமுகப் பகுதியான கலசாத்தாமாவில், புதிய சேவைகளைக் குடியிருப்பாளர்களே பயன்படுத்திப் பார்த்தார்கள். நம் வேனையும் மூன்று மாதம் சோதனையாக ஓட்டலாம். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கட்டும். “மருந்து வரிசை நீளம், பதினொரு மணி வேன் போய்விட்டது” என்று பாட்டி சொல்ல, பேத்தி எழுதுவாள். அடுத்த வாரமே நேரத்தை மாற்றலாம். “படி உயரம், கால் எட்டவில்லை” என்பதை மேடைக்கு முன்னால் நின்று யார் சொல்லப்போகிறார்கள்?

இதற்குப் பணமும் பொறுமையும் வேண்டும். மானியம் தீர்ந்ததும் வேன் நின்றுபோனால், அடுத்த திட்டத்துக்கு யாரும் கதவைத் திறக்கமாட்டார்கள். தெருவிளக்கை எங்கே நடுவது என்று கேட்கக் கூட்டமே போதும். வேனுக்கு நான் ஆய்வகத்தைத்தான் கேட்பேன். மூன்று மாதத்துக்குப் பிறகு அதை யார் நடத்துவது என்பதை முதல் நாளே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால்.