ஈர மண்ணும் எக்ஸ்ஆர்எஃப் கன்னும்: ஐந்து வருட அனுபவம்

எக்ஸ்கதிர் பாய்ச்சி, எந்தத் தனிமம் எவ்வளவு என்று காட்டும் கைக்கருவிதான் எக்ஸ்ஆர்எஃப் கன். டிடெக்டர் மாற்றிய என் கன் போன வாரம்தான் குன்னூருக்குத் திரும்பி வந்தது. சார்நோக்கைட் கல் ஒன்றில் அழுத்தி வைத்தபோது, அதன் கூர்முனை முன்பக்க ஃபிலிமைக் கிழித்து உள்ளேயிருந்த பெரிலியம் ஜன்னலையும் உடைத்துவிட்டது. செலவை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. அந்த நேரம் பார்த்து கோத்தகிரி நண்பர் கேட்கிறார்: "அண்ணே, நம்ம மண் லேபுக்கும் ஒண்ணு வாங்கலாமா, இல்ல ஐசிபிக்கே அனுப்பிக்கிட்டு இருக்கலாமா?" ஐசிபி என்றால், மண்ணை அமிலத்தில் கரைத்துத் தனிமங்களை அளக்கும் லேப் முறை.

ஐந்து வருடமாக என்னைப் படுத்துவது ஈரம். ஜூலையில் தேயிலைச் சரிவு ஒன்றிலிருந்து செம்மண் வந்தது. பையைப் பிரித்து அப்படியே கன்னால் அடித்தேன், அலுமினியம் 9 சதவீதம். அதே மண்ணை 105 டிகிரியில் ராத்திரி முழுக்க உலர்த்தி, அரைத்து, சலித்து அடித்தால் 14! எடையில் கால்வாசி தண்ணீர் என்பதால் மட்டும் இவ்வளவு இறங்காது. அலுமினியத்தின் எக்ஸ்கதிருக்கு ஆற்றல் வெறும் 1.49 கேஇவி (கிலோ எலக்ட்ரான் வோல்ட்). துகள்மேல் படிந்த நீரைத் தாண்டி வருவதற்குள்ளேயே அதில் ஒரு பகுதி அடங்கிவிடுகிறது. இரும்பின் கதிர் 6.4, அது தப்பித்துவிடும். ஆக, இரண்டுக்கும் உள்ள விகிதமே பொய்யாகிறது. பாக்சைட்டா (அலுமினியத் தாது), சாதாரண செம்மண்ணா என்று பார்க்கிறவருக்கு அந்த விகிதம்தான் உயிர்.

ஐசிபியிலும் உலர்த்தத்தான் வேண்டும். அக்வா ரீஜியாவில் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) மண்ணிலுள்ள சிலிக்கேட் முழுதாகக் கரையாது, எச்எஃப் என்ற ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் வேண்டும். அதை என் சின்ன அறைக்குள் கொண்டுவர மாட்டேன். ஆனால் தோட்டக்காரர்கள் கேட்கும் போரானைக் கன் பார்க்கவே பார்க்காது, குறைந்த அளவு மக்னீசியத்தையும் நம்ப முடியாது. அங்கே ஐசிபிதான்.

சரி, கன்னுக்கு உரியதையும் சொல்ல வேண்டும். ஒரு படுகப் பெரியவர் தன் அம்மாவின் வெள்ளிக் காப்பைக் கொண்டு வந்தார். ஒரு நிமிடத்தில் வெள்ளி 91, செம்பு 8 என்று திரையில் வந்தது. ஒரு கீறலும் விழாமல் காப்பை வேட்டி முனையில் முடிந்துகொண்டு போனார். கரைத்துப் பார்க்கும் எந்த முறையாலும் அது முடியாது. கன்னுக்குப் போட்ட காசெல்லாம் அன்றைக்குத் திரும்பி வந்தது போலிருந்தது.

இருந்தும் தம்பி, வாங்காதீங்க. மண்ணை உலர்த்த நல்ல ஓவன், உலர்ந்தது ஈரம் இழுக்காம வைக்க டெசிகேட்டர், ரெண்டையும் வாங்கிட்டு ஐசிபிக்கே அனுப்புங்க. அவசரம்னா என் கன் இருக்கு, மண்ணைக் காய வெச்சு எடுத்துட்டு வாங்க.